செடிகளுக்குப் போர்த்திய வெள்ளைத் துணி

பாலோ, ஜொகூர்
சித்திரைத் திருவிழா முடிந்த வியாழக்கிழமை

அன்பு மகள் சாந்தினிக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. மாரியம்மன் காவலில் இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், பின்பக்கத்துக் கத்தரியும் வெண்டையும் முருங்கையும் நன்றாக இருக்கின்றன. அங்கே நீயும் மாப்பிள்ளை ரூபேந்திரனும் உன் வயிற்றில் ஏழு மாதமாக இருக்கிற எங்கள் பேரப்பிள்ளையும், அந்தக் குளிரில் பிழைத்து நிற்கிற செடிகளும் எல்லாரும் நன்றாக இருக்கிறீர்கள் என்ற சேதிதான் எங்களுக்கு வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம்.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அம்மா குறுக்கே விழுகிறாள், நீ சிரித்து மழுப்பிவிடுகிறாய், சொல்ல வந்தது என் தொண்டையிலேயே நின்றுபோகிறது. கடிதம் என்றால் அவள் எழுதித்தான் ஆகவேண்டும், எனக்கு எழுத்துத் தெரியாததில் இந்த ஒரு வசதி இருக்கிறது. இப்போதே முறைக்கிறாள், அதையும் எழுது என்றேன், எழுதிவிட்டாள். இன்னொரு காரணமும் உண்டு. இதில் ஒரு பகுதியை உன் பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மாவுக்கு நீ இங்கிலீசில் படித்துக் காட்டவேண்டும். அவருக்குச் சொல்லவேண்டியதைப் போனில் கையை ஆட்டிச் சொன்னால் மரியாதையாக இருக்காது, கையில் பிடிக்கிற தாளாக இருக்கட்டும் என்றுதான் பார்சலோடு சேர்த்து அனுப்புகிறேன்.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் செல்வா வழக்கம்போல் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான், அதற்காக ஜொகூர் பாருவிலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் சாயங்காலம்தான் எழுந்தான். திருவிழாவுக்கு நல்ல கூட்டம், மத்தியானம் ஒரு மழை அடித்தும் காவடி நிற்கவில்லை. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனி மாதம் என்று தேதி கொடுத்துவிட்டார்கள். நீ பிள்ளை பெறுகிற மாதம், உன் ஊரில் காலம் தலைகீழ் என்பதால் அங்கே அப்போதுதான் நடுக்குளிர். இந்த முறையை விட்டால் அடுத்த முறை எப்போது வரும் என்று சொல்லமுடியாது என்று டாக்டரம்மா சொல்கிறார், இந்தக் காலோடு இவ்வளவு தூரம் வராதீங்க என்று நீயும் சொல்லிவிட்டாய். உன்னிடம் வருவதற்காக வாங்கிய குளிர்ச்சட்டை அலமாரியில் தொங்குகிறது, அவள் அந்தக் கதவைத் திறப்பதே இல்லை. மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. அவருக்குப் பால் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட். ஆக, உனக்கு வலி எடுக்கிற நேரத்தில் கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில் இருப்பது வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மார்கரெட் அம்மா ஒருவர்தான். அந்த ஒருவரைத்தான் நாங்கள் இரண்டு பேரும் இங்கே நெத்திலிச் சம்பல் வைத்துச் சோறு தின்றுகொண்டே விரட்டிவிடப் பார்த்தோம்.

அன்றைக்கு நீ கூப்பிட்டபோது எங்களுக்கு மத்தியானம், உனக்குப் பொழுது சாய்கிற நேரம். எனக்குப் படிப்பு இல்லையே தவிர நடந்தது எதுவும் மறக்காது. நீ சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாய், மூக்கும் அதே சிவப்பாக இருந்தது. இன்னும் ஒரு மாதம் கழித்து வரவேண்டிய குளிர் இந்த வருஷம் முன்னாலேயே வந்திருச்சுப்பா, இன்னிக்கு ராத்திரி பனி விழுமாம், செடியெல்லாம் கருகிடும்னு சொல்றாங்க என்றாய். நான் சிரித்தேன். பனிதானே, நம்ப ஊர்ல மார்கழியில விழாத பனியா, வெயில்ல கருகும், பனியில எங்கியாவது கருகுமா, குளிர்ச்சி செடிக்கு நல்லதும்மா என்றேன். எனக்குத் தெரிந்த பனி அவ்வளவுதான், காலையில் புல்லில் காலை வைத்தால் நனையும், வெயில் ஏறினால் போய்விடும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் விடியல் குளிர்ந்திருந்தால்தான் பால் நன்றாக ஓடும், சூடு ஏறினால் மரத்தில் வெட்டிய கோட்டிலேயே உறைந்து நின்றுவிடும், அதனால் குளிர் என்று சொன்னால் என் காதுக்கு அது நல்ல சேதியாகத்தான் விழும். நீ அதற்கு மேல் வாதாடாமல், தோட்டத்தைப் பாருங்க என்று போனைத் திருப்பிக் காட்டினாய். அங்கே மங்கல் வெளிச்சத்தில் தக்காளி, மிளகாய், பரங்கிக்கொடி என்று வரிசையாக ஒவ்வொன்றுக்கும் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது.

உன் அம்மா போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது. அலமாக், ஐயையோ, யாருடி செத்தா, பிள்ளத்தாச்சி இருக்கிற வீட்டு வாசல்ல எதுக்குடி இத்தன பொணம் என்று அலறினாள். மார்கரெட் அம்மா தன் வீட்டுப் படுக்கைத் துணியெல்லாம் கொண்டுவந்து போர்த்திக் கொடுத்தாங்க, பனி படாம இருக்கிறதுக்கும்மா என்று நீ எவ்வளவோ சொன்னாய். யாரு குடுத்தா எனக்கென்ன, பொம்பளைக்கு நேரங்காலம் தெரிய வேணாமா, மொதல்ல எடு, இப்பவே எடு, நான் பாக்கணும் என்று நின்றாள். இந்த இடத்தில் உன் அம்மா எழுதமாட்டேன் என்று பேனாவை மூடினாள், நான் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதச் சொல்கிறேன் என்ற பிறகுதான் திறந்தாள். நானும் சொன்னேனே. அம்மா மனசு கஷ்டப்படுதுல்ல, எடுத்துரு, செடிக்கு ஒண்ணும் ஆகாது என்று சொன்னவன் நான்தான். நீ அந்த வயிற்றோடு குனிந்து குனிந்து ஒவ்வொரு துணியாக எடுத்து மடித்து வேலிமேல் போட்டாய். அம்மா அப்பாடா என்றாள். நாங்கள் கை கழுவப் போய்விட்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ எங்களிடம் மறைத்துவிட்டாய், பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டே வாய்தவறிச் சொல்லிவிட்டாய். வேலிமேல் துணி கிடப்பதை மார்கரெட் அம்மா தன் சன்னலிலிருந்து பார்த்துவிட்டு நேரே உன் வாசலுக்கு வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாராம். உனக்குக் கண் கலங்கிவிட்டதாம். எங்க ஊர்ல செத்தவங்களுக்குத்தான் இப்படிப் போர்த்துவாங்க, எங்கம்மா பயந்துட்டாங்க என்று உண்மையைச் சொல்லிவிட்டாய். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். அவர் இடத்தில் இருந்திருந்தால் என் துணியை எடுத்துக்கொண்டு உன் செடி எப்படியோ போகட்டும் என்று கதவைச் சாத்தியிருப்பேன். அவரோ, எங்க மாமியார் மயில் தோகைய வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க, அபசகுனம்னு சொல்லுவாங்க, எனக்குப் புரியுது, அப்படின்னா என்ன கலர் ஆகும் சொல்லு என்று கேட்டாராம். என்ன கலர் ஆகும். இந்த ஒரு கேள்வியை நினைத்து நினைத்து எனக்கு ஆச்சரியம் தீரவில்லையம்மா. முருகன் வாகனத்தின் தோகை அவர்களுக்கு ஆகாது, அவர்களுடைய சுத்தமான வெள்ளைத் துணி நமக்கு ஆகாது, ஆனாலும் அவர் ஓடிப்போய்ச் சூரியகாந்திப் பூப்போட்ட சன்னல் திரை, மேசை விரிப்பு, செத்துப்போன புருஷனுடைய சிவப்புக் கட்டம் போட்ட கம்பளி என்று அள்ளிக்கொண்டு வந்தார். அதுவும் போதாமல் நீ உள்ளே போய், பிள்ளைக்குத் தூளி கட்ட அம்மா அனுப்பிய பழைய நூல்சேலைகளை எடுத்து வந்தாய். நீ குனியவேண்டாம் என்று உன்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, எழுபது தாண்டிய அந்த மனுஷி தானே குச்சி நட்டு, இலையில் படாமல், துணி மண்ணைத் தொடுகிற மாதிரி, ஓரத்துக்குக் கல் வைத்து ஒவ்வொன்றாகக் கட்டினாராம்.

மறுநாள் நீ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுக் கூழ் ஊற்றுகிற இடத்தில் நம்ப பொம்பளைங்க கலர் கலராக் குந்தியிருக்கிற மாதிரி இருக்கு என்று நான் சிரித்தேன், கதை தெரியாத சிரிப்பு. அதே படத்தில் ஓரமாக இருந்த பீன்ஸ் பந்தலை மட்டும் என்னால் மறக்கமுடியவில்லை. அதற்குத் துணி போதவில்லை. வெந்நீர் ஊற்றிய கீரைபோல அத்தனையும் கறுத்துத் தொங்கியது. பனியில் கருகும் என்று நீ சொன்னது உண்மைதான், இந்த வயதில்தான் நான் அதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது பீன்சுக்காக இல்லை. அந்த அம்மா மட்டும் மனம் நொந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான். செடி போனால் அடுத்த வருஷம் விதை போடலாம். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு மனுஷி முகத்தைத் திருப்பிக்கொண்டால், ஆனி மாதக் குளிரில் நீ யாரைக் கூப்பிடுவாய்.

உன் அம்மாவுக்கு நான் ஒன்றை ஞாபகப்படுத்தினேன், உனக்கும் சொல்கிறேன். நீ நாலாம் ஆண்டு படித்தபோது ஒரு பெரிய வெள்ளம் வந்ததே, பாலோ முழுக்கத் தண்ணீர், நம்மைப் படகில் ஏற்றிப் பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார்கள். விடாத மழை, நனைந்த துணிக்கு மாற்றுத்துணி இல்லை, நீ அம்மா மடியில் பல் கிட்டிப்போய் நடுங்கினாய், உதடு நீலம் பாரித்துவிட்டது. நமக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், தெரியும் அம்மா, அன்றைக்குத் தெரிந்தது. பக்கத்துப் பாயில் இருந்த மலாய்க்கார அம்மா, மக்சிக் ரொக்கியா, தன் மூட்டையைப் பிரித்து, தொழும்போது உடுத்துவார்களே தெலெக்கோங், அந்த வெள்ளை உடுப்பை எடுத்து உன்னைத் தலையிலிருந்து கால்வரை சுற்றிவிட்டார். வேண்டாம் மக்சிக், அது சாமி கும்பிடுற துணி என்று நான் சொன்னேன், தா அப்பா, தா அப்பா, பரவாயில்லை என்று மலாயில் சொல்லிவிட்டார். தொழுகை நேரம் வந்ததும் இன்னொரு பெண்ணிடம் இரவல் வாங்கித்தான் தொழுதார், அதை நான் பார்த்தேன். நீ அந்த வெள்ளைத் துணிக்குள் விடியும்வரை தூங்கினாய். அன்றைக்கு உன் அம்மா யார் செத்தது என்று கேட்கவில்லை. இதை நான் சொன்னதும் எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சரி, மேலே சொல்லுங்க என்றாள்.

இனிமேல் வருவதை மார்கரெட் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. அம்மா, நான் சாந்தினியின் அப்பா காளியப்பன். உங்கள் துணியை வேண்டாம் என்று சொன்னது என் மகள் இல்லை, நாங்கள். உங்கள் ஊர்ப் பனி எங்களுக்குத் தெரியாது, உங்கள் மனசும் அப்போது தெரியாது. எங்கள் பிள்ளை குனியாமல் நீங்கள் குனிந்தீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் செய்த உதவிக்கு வாயால் நன்றி சொல்லித் தீர்த்தால் அதன் மதிப்புக் குறையும் என்பார்கள், அதனால் நிறையச் சொல்லவில்லை. நான் சாமி கும்பிடுகிறபோது என் பிள்ளைகள் பேரோடு உங்கள் பேரையும் சொல்கிறேன், சரியாகச் சொல்ல வரவில்லை, மாகிரட் என்றுதான் வருகிறது, மாரியம்மன் புரிந்துகொள்வாள். இதோடு மெழுகில் பூ வரைந்து சாயம் தோய்த்த பாத்தேக் கைலி ஒன்று இருக்கிறது, உடுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் செடிக்குப் போர்த்துங்கள். இத்தோடு படிப்பதை நிறுத்திவிடு, மீதி உனக்கு. அம்மா முதலில் எடுத்து வைத்தது மயில் போட்ட கைலி, நல்லவேளை நான் கேட்டேன், திருப்பிக் கொடுத்துவிட்டுப் பூப்போட்டதாகச் செல்வா வாங்கி வந்தான். தபாலில் வந்தால் அங்கே பிடித்துக்கொள்வார்கள் என்று நீ சொன்னபடி விதை, இலை எதுவும் வைக்கவில்லை. மடிப்பில் கோயில் வேப்பிலை ஏதும் ஒட்டியிருக்கப் போகிறது என்று மூன்று தரம் உதறினேன்.

தோட்டத்தைப் பற்றி இனி நான் உனக்குப் புத்தி சொல்கிற இடத்தில் இல்லை, அந்த அம்மா சொல்கிறபடி செய். பகலிலேயே மண்ணை நனைத்து வைத்தால் ராத்திரிக்குச் சூடு பிடித்து வைத்திருக்கும் என்று அவர் சொன்னதாகச் சொன்னாயே, அதை என்னோடு பால்மரம் வெட்டிய நம்ப சின்னக்கண்ணுவிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன், அவர் இங்க எதுக்குய்யா சூடு, இருக்கிறது போதாதா என்று கேட்டார். வெயில் ஏறியதும் துணியை எடுத்துவிட மறக்காதே. காயாக இருக்கிற தக்காளியைப் பறித்துக் கொஞ்சத்தைப் பேப்பரில் சுற்றி உள்ளே வை, கொஞ்சத்தைப் பச்சையாகவே தொக்குப் போடு, உன் அம்மா சொல்வாள் அளவு. ஒரு பாட்டில் வேலிக்கு அந்தப் பக்கமும் போகட்டும், காரத்தைக் குறைத்துப் போடு. கறிவேப்பிலைத் தொட்டியை இனி வெளியே வைக்காதே, சமையலறைச் சன்னலோரம் வெளிச்சத்தில் வை, இலையெல்லாம் உதிர்ந்தாலும் பயந்து பிடுங்கிப் போடாதே, நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பார், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. தொட்டியை மாப்பிள்ளை தூக்கட்டும், நீ தூக்காதே. கறுத்துப்போன பீன்சையும் தூக்கி எறியாதே, அந்த மண்ணுக்கே உரமாகப் போடு. ராத்திரி காலுறை போட்டுத் தூங்கு. அவரையும் போடச் சொல், ஷிப்ட் முடிந்து வருகிறவர் வெறுங்காலோடு நடக்கிறார், போனில் பார்த்தேன்.

முடிக்கிற இடத்தில் எப்போதும்போல வயிறு குளிர, மனசு குளிர நல்லா இரு என்று சொல்ல வாயெடுத்தேன், அப்படியே நின்றுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் நம்முடைய வாழ்த்தெல்லாம் வெயில் ஊர்க்காரன் வாழ்த்து. கண் குளிரப் பார்க்கிறோம், காது குளிரக் கேட்கிறோம், கோபத்தில் இருக்கிற அம்மனுக்கே கூழ் ஊற்றிக் குளிர வைக்கிறோம். அந்தப் பீன்ஸ் பந்தலைப் பார்த்த பிறகு இந்த வார்த்தையை உன் ஊருக்குப் பார்சலில் வைக்கப் பயமாக இருக்கிறது. அதனால் உனக்கு மட்டும் மாற்றிச் சொல்கிறேன். கையும் காலும் கதகதப்பாக இரு, உன் வீட்டு அடுப்பு சூடாக இருக்கட்டும், உன் பிள்ளை உன் நெஞ்சுச் சூட்டில் வளரட்டும், சுற்றி இருக்கிற மனுஷர்களின் சூடு உனக்குக் குறையாமல் இருக்கட்டும். இதற்கு உன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு குளிரன்னு சொல்றது அந்தக் குளிர் இல்லீங்க, அது வேற குளிர், பெத்தவளுக்குத்தான் தெரியும் என்று சொல்லி அதையும் எழுதிவிட்டாள். இரண்டையும் வைத்துக்கொள், எது எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்.

அதோடு நிற்காமல் நான் கேட்காமலே ஒன்று சொன்னாள், அதை நீ சொன்ன மாதிரியே எழுது என்றேன், எழுதுகிறாள். பொறந்த புள்ளைய பழைய துணியிலதான் வாங்கணும், புதுசு ஆகாது. அதுக்குன்னு உங்கப்பா பழைய வேட்டியத்தான் தொவச்சு வெச்சிருந்தேன், அதுவும் வெள்ளைதானே, எனக்கு அன்னிக்கு புத்தியில ஏறல. ஆஸ்பத்திரியில அவங்க முறைப்படி சுத்தட்டும். நீ வீட்டுக்கு வர்ற அன்னிக்கு மட்டும் அந்தம்மாகிட்ட அந்த வெள்ளைத் துணியில ஒண்ணக் கேட்டு வாங்கு. நான் நிக்கவேண்டிய வாசப்படியில அவங்க நிக்கட்டும், அந்தத் துணியில அவங்களே புள்ளைய வாங்கட்டும். மறக்காம சொல்லு, மரியாதைன்னு நெனச்சுக் கடையில புதுசு வாங்கிட்டு வந்துடப் போறாங்க, செடிக்குப் போர்த்துன அந்தப் பழசுதான் வேணும்னு சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா ராசம்மா கையெழுத்தில் உன் அப்பா காளியப்பன்.
கீழே இருக்கிறது என் கட்டைவிரல். மை சிந்திவிட்டது என்று மார்கரெட் அம்மா நினைக்கப்போகிறார், அது என் நன்றி என்று சொல்.